பூச்சரத்தால் எடுத்த அளவு

ஆயுத பூஜை அன்று சாயங்காலம் நாலேகால் மணிக்கு என் மகன் கையில் மல்லிகைச் சரத்துடன் வீட்டுக்குள் வந்தான். காரியம் கெடத் தொடங்கியது அந்த நேரத்தில்தான். எனக்கோ அப்போது அது நல்ல நேரமாகத் தோன்றியது. இருபத்திரண்டு வயது வரை எந்தச் சாமியையும் கும்பிட்டு அறியாத பிள்ளை, போட்டிக்காரரின் மோட்டார் ஷெட்டில் நடந்த பூஜைக்குப் போய், இஞ்சினுக்குச் சாத்திய பூவைப் பிரசாதமாகக் கேட்டு வாங்கி வந்திருந்தான். எந்தத் தாய்க்குத்தான் மனசு குளிராது?

சரத்தைச் சாமி படத்துக்குக் கீழே தட்டில் வைத்தான். "எம்மா, இதை யாரும் தொடக் கூடாது" என்று சொல்லிவிட்டுக் கிணற்றடிக்குக் குளிக்கப் போனான்.

அவன் தலையில் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்பதற்குள் என் மகள் வந்து சரத்தின் ஒரு நுனியை நாலு விரற்கடை அளவுக்கு நகத்தால் கிள்ளி எடுத்துப் பின்னலில் செருகிக்கொண்டாள். பிரசாதப் பூவைப் பெண் பிள்ளை வைத்துக்கொள்வது முறைதான். நான் ஒன்றும் சொல்லவில்லை.

என் கணவர் காலமாகிப் பல வருஷம் ஆகியிருந்தது. நான் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கும் பூகோளமும் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். ஊரார் பெண்களுக்கெல்லாம் பின்னம் புரிந்தது. என் மகனுக்குப் புரியவில்லை. எட்டாவதோடு படிப்பை விட்டுவிட்டு மோட்டார் ஷெட்டில் சேர்ந்தான். அங்கே அவனுக்கு எல்லாம் புரிந்தது. நாலைந்து வருஷத்தில் பஸ் இஞ்சினைப் பிரித்துப் பூட்டவும், அதைவிட எனக்குக் கவலை தந்த வேலையாக, பந்தயக் கார் ஓட்டவும் சம்பளம் வாங்கினான்.

அந்தப் பந்தயத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். யுத்தம் வருவதற்குச் சில வருஷம் முன்பு மதுரையில் பஸ் முதலாளிகளுக்குள் பலத்த போட்டி. திருமங்கலத்துக்கு ஒரே நேரத்தில் மூன்று பஸ் கிளம்பும். எது முந்துகிறதோ அதற்குத்தான் வழியில் ஆள் கிடைக்கும். ரோட்டில் முந்தி முந்தி மாட்டையும் ஆட்டையும் சாக்கடையில் தள்ளிய பிறகு, முதலாளிகள் ஒரு சங்கம் வைத்து, முந்துவதை வருஷத்துக்கு ஒரு நாள் ஒழுங்காகச் செய்வது என்று முடிவெடுத்தார்கள். விஜயதசமி கழிந்த ஞாயிற்றுக்கிழமை, மழைக்கு முன்பு, கப்பலூர்ப் பக்கத்துக் கண்மாய் காய்ந்து பாளமாகக் கிடக்கும்போது பந்தயம். ஷெட்டுக்கு ஒரு கார். மேல்கூடு, கதவு, மட்கார்டு எல்லாவற்றையும் கழற்றிய பழைய கார். ஜெயித்த ஷெட்டின் பஸ்ஸில்தான் அந்த வருஷம் ஜனங்கள் ஏறுவார்கள். அது வேகமான பஸ் என்று நம்பி ஏறுவார்கள். மற்ற பஸ்ஸில் ஏறியவர்களும் அதே நேரத்தில்தான் போய்ச் சேர்வார்கள்.

சங்கத்துக்கு விதிகள் உண்டு. எல்லாக் காருக்கும் ஒரே பீப்பாயிலிருந்து பெட்ரோல். அதில் வேறு எதுவும் கலக்கக் கூடாது. பந்தயத்துக்கு ஒரு மாதம் முன்பிருந்து ஒரு ஷெட்டின் ஆள் மற்றொரு ஷெட்டுக்குள் போகக் கூடாது. முந்தைய வருஷம் ஒருவன் கூரை ஓட்டைப் பிரித்துப் பார்க்கப் போய் உள்ளேயே விழுந்ததால் ஏற்பட்ட விதி அது. ஆனால் அந்த ஒரு மாதத்துக்குள் ஆயுத பூஜை வருகிறது என்பதை விதி எழுதியவர்கள் நினைக்கவில்லை. ஆயுத பூஜை அன்று ஷெட்டுக் கதவைச் சாத்துவது நம் ஊரில் கிடையாது. யார் வந்தாலும் பொரியும் சுண்டலும் கொடுக்க வேண்டும். வந்தவர் இஞ்சினுக்குச் சந்தனம் வைப்பதையும் பூச்சாத்துவதையும் யாரும் தடுக்க முடியாது.

போட்டிக்காரர் ஷெட் கீழவாசல் பக்கம் ஒரு பாயுடையது. ஐம்பது வயதைத் தாண்டியவர், தாமே மேஸ்திரி, தாமே பந்தயக் காரும் ஓட்டுவார். வேலையாட்கள் பூஜை போடும்போது அவர் வாசலில் நின்றுகொண்டு, வருகிறவர்களுக்குப் பொரி போதுமா என்று பார்த்துக்கொள்வாராம். அந்த வருஷம் அவர் காரில் புதிதாக ஒரு சாமான் இருப்பதாக ஊரெல்லாம் பேச்சு. இஞ்சின் மூச்சு இழுக்கிற இடத்தில் பித்தளையால் ஒரு குழல், நாகசுரத்தின் வாய் போல அகன்றது, வைத்திருக்கிறார். அதனால் கார் பறக்கிறது என்றார்கள்.

என் மகன் அன்று அந்தக் குழலுக்குத்தான் பூச்சாத்தியிருக்கிறான். வாயைச் சுற்றி ஒரு சுற்று, சேர்கிற இடத்தில் கத்தரித்து, கண்ணில் ஒற்றிக்கொண்டு, பிரசாதம் என்று எடுத்து வந்துவிட்டான். பொரியும் வாங்கிச் சாப்பிட்டிருக்கிறான். இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது. குளித்துவிட்டு வந்தவன் சரத்தை எடுத்துக்கொண்டு பித்தளைப் பாத்திரம் செய்கிறவரிடம் போனான். பூவும் கையுமாகப் போகிறானே, கோயிலுக்காக இருக்கும் என்று நினைத்தேன்.

பந்தயத்துக்கு நானும் மகளும் போனோம். போகாமல் வீட்டில் இருந்து கவலைப்படுவதைவிட நேரில் கவலைப்படலாம் என்று போனேன். கண்மாய்க் கரையில் பெண்களுக்கு ஒரு பக்கம் கயிறு கட்டி விட்டிருந்தார்கள். மூன்று ஷெட், மூன்று கார். என் மகன் ஒரு பலகையின் மேல் உட்கார்ந்திருந்தான். அவனைப் பிடித்து வைக்க ஒரு மாட்டுக் கயிறுகூட இல்லை. கொடி அசைந்ததும் நான் கண்ணை மூடிக்கொண்டேன். மகள் நடப்பதையெல்லாம் சொல்லிக்கொண்டே வந்ததால் மூடியதில் பயன் இல்லை.

பாய் தாடியைத் துண்டால் கட்டிக்கொண்டு முதலில் வந்தார். அவர் கார் எங்களைத் தாண்டியபோது காற்றில் கற்பூர வாசனை. எனக்குப் பக்கத்தில் நின்ற ஒரு கிழவி கையெடுத்துக் கும்பிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். இரண்டாம் சுற்றில் அந்த வரிசையே கும்பிட்டது. மூன்றாம் சுற்றில் கரை முழுவதும் கும்பிட்டது. மேடையில் இருந்த சங்கத் தலைவரும் பழக்கத்தில் கையை உயர்த்தினார். பாதி உயர்ந்த கை அப்படியே நின்றது. அவர் பெட்ரோல் பீப்பாயைத் திரும்பிப் பார்த்தார்.

அதே சுற்றில்தான் என் மகனின் கார் இருமியது. இரண்டு தடவை இருமி, ஒரு வெடி வெடித்து, நெருப்பு ஒரு முழம் வெளியே வந்தது. பித்தளைக் குழல் தெறித்து வானத்தில் போனது. கார் நேர் பாதையை விட்டு, நாங்கள் நின்ற கரையைப் பார்த்து வந்தது. நான் அப்போது கண்ணைத் திறந்திருந்தேன். அவன் முகம் தெரிந்தது. பிறகு கார் கருவேலம் புதருக்குள் போய்விட்டது. சத்தம் நின்ற பிறகு புதர் கொஞ்ச நேரம் ஆடியது. உள்ளே இருந்து யாரும் வரவில்லை. அதை எழுதும்போது இன்றைக்கும் பேனாவைக் கீழே வைத்துவிட்டுத்தான் எடுக்கிறேன். அவன் முள்ளெல்லாம் ஏறிய முகத்தோடு வெளியே வந்து, என்னிடம் வராமல், "கொழலு எங்க விழுந்துச்சு?" என்று கேட்டான்.

குழல் பாயின் ஆட்கள் நின்ற இடத்தில் விழுந்திருந்தது. பந்தயத்தை முடித்து முதலாவதாக இறங்கிய பாய், அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். குழலின் உதட்டை உள்பக்கம் மடித்திருக்கும் விதத்தைத் தடவினார்.

"என்னடா இது, எங்க சாமான் குட்டி போட்ட மாதிரி இருக்கு" என்றார்.

விசாரணை மறுநாள் காலை, தலைவரின் பஸ் ஷெட்டில் நடந்தது. பெண்கள் யாரும் அங்கே போவதில்லை. நான் போனேன். தலைவர் எழுந்து எனக்கு நாற்காலி போடச் சொன்னார். போட்ட பிறகு எந்தப் பக்கம் போடுவது என்று தெரியாமல், ஸ்டெப்னி டயருக்குப் பக்கத்தில் நகர்த்தினார்கள். மேஜையில் இரண்டு குழலும் இருந்தன. பாயின் காரிலிருந்து எடுத்த பெட்ரோல் ஒரு பாட்டிலில் இருந்தது. ஷெட்டே கோயில் மாதிரி மணத்தது.

முதலில் கற்பூர வழக்கு. பெட்ரோலில் கற்பூரம் கரைத்தால் இஞ்சின் வேகமாக ஓடும் என்று ஷெட்டுகளில் ஒரு நம்பிக்கை.

"பெட்ரோல்ல கற்பூரம் போட்டீகளா, இல்லையா?" என்றார் தலைவர்.

"போடணும்னு போடலண்ணே. பூசைக்கு வாங்குனது மீந்துபோச்சு. வீணாப் போகுதேன்னு பசங்க போட்டுட்டாய்ங்க" என்றார் பாய்.

"எம்புட்டு மீந்துச்சு?"

"ஒரு படி இருக்கும்."

"ஒரு படி கற்பூரம் மிஞ்சுற மாதிரி எந்தக் கோயில்லய்யா பூசை நடக்குது?"

பாய் கோயிலைப் பற்றித் தமக்குத் தெரியாது என்று சொன்னார். அவ்வளவு பேரும் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் தலைவர் அவருடைய வெற்றி செல்லாது என்று சொன்னார். பாய் மறுக்கவில்லை. "எனக்குக் குடுக்கிறதைக் குடுங்க. ஆனா என் வீட்டுக்குள்ள வந்து என் பொரியைத் தின்னுட்டு, என் சாமானை அளந்துட்டுப் போனவனை என்ன செய்யப் போறீக?" என்று கேட்டார்.

மற்றவரின் ஷெட்டை வேவு பார்த்தவனுக்கு என்ன தண்டனை என்று எல்லோருக்கும் தெரியும். சங்கத்தைச் சேர்ந்த எந்த ஷெட்டும் அவனை ஒரு வருஷத்துக்குச் சேர்க்காது. மதுரையில் சங்கத்தைச் சேராத ஷெட் கிடையாது. என் மகனோ முந்தைய இரவே, அப்படி நடந்தால் நாகப்பட்டினம் போய்ப் பினாங்குக்குக் கப்பல் ஏறிவிடுவேன் என்று சொல்லியிருந்தான். அங்கே அவனோடு படித்த ஒருவன் இருந்தான். என் கணவரின் தம்பி இப்படித்தான் ரங்கூனுக்குப் போனார். போனார் என்பதுதான் அவரைப் பற்றி எங்களுக்குத் தெரிந்த கடைசிச் செய்தி.

என் மகனின் முதலாளி எழுந்து நன்றாகவே பேசினார். "பூசைக்குப் போன புள்ளைய வேவு பார்த்தான்னு சொன்னா, நாளைக்கு மீனாச்சியம்மன் கோயிலுக்குப் போறவனையும் சொல்லுவீக."

"கும்பிடப் போனாச் சரி. அளவெடுக்கப் போனா?" என்றார் தலைவர்.

"அளவெடுத்தான்னு யார் பார்த்தா? ரெண்டையும் அளந்து பாருங்க. ஒண்ணா இருந்தாத் திருட்டு. இல்லேன்னா அவன் சொந்தமாச் செஞ்சது."

நியாயம் என்று எல்லோரும் தலையசைத்தார்கள். நூலைக் கொண்டுவந்து இரண்டு குழலின் வாயையும் சுற்றி அளந்தார்கள். என் மகனுடையது நாலு விரற்கடை குறைவாக இருந்தது.

நாலு விரற்கடை என்று தலைவர் சொன்னதும் எனக்கு மகளின் பின்னல் நினைவுக்கு வந்தது. கணக்கு மனதுக்குள் தானாக முடிந்துவிட்டது. நான் வாயை மூடிக்கொண்டு டயரைப் பார்த்தேன். என் பிள்ளை தப்பிவிட்டான். தலைவர், அளவு ஒத்துப்போகவில்லை, ஆகவே குற்றம் நிரூபணம் ஆகவில்லை என்று சொல்வதற்காகத் தொண்டையைச் செருமினார்.

அதற்குள் பாய் சிரித்தார். குழலை மேஜைமேல் உருட்டிவிட்டார். "விடுங்கண்ணே. இது என் சாமான் இல்ல. இந்த மாதிரி குருட்டு அளவு என் ஷெட்டுல கூட்டுற பய கூடப் போட மாட்டான். இம்புட்டூண்டு வாயை வச்சா இஞ்சினுக்கு எப்படி மூச்சு வரும்? தம்பிக்குக் கண்ணு சரியில்லபோல. வேற வேலை பார்க்கச் சொல்லுங்க."

என் மகன் எழுந்து நின்றான். உட்கார் என்று நான் கண்ணால் சொன்னேன். முதலாளி அவன் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"நான் சரியாத்தான் அளந்தேன்" என்றான்.

முதலாளி அவன் சட்டையை விட்டுவிட்டார்.

"வாயோட ஒரு சுத்துச் சுத்தி, நுனி சேர்ற எடத்துலதான் கத்தரிச்சேன். ஒரு நூலு கூட முன்னப் பின்ன கெடையாது. அளவு தப்புன்னு மட்டும் சொல்லாதீக."

"சேர்ற எடத்துலயா கத்தரிச்ச?" என்றார் பாய். சிரிப்பை விட்டுவிட்டார்.

"ஆமா."

"பூ ஈரமா இருந்துச்சா?"

"இல்ல. காலையில கட்டுன பூ."

"அப்ப நாலு விரக்கடை எங்கடா போகும்? பாத்திரக்காரன் தப்பா வெட்டியிருப்பான்."

"அவரு வெட்டும்போது பக்கத்துலயே நின்னேன்."

"உதட்டை மடிச்சியே, அதுக்கு விட்டியா?"

"தனியா விட்டேன். நீங்க விட்ட அளவுதான்."

"நான் விட்டது உனக்கு எப்படித் தெரியும்?"

"சந்தனம் வைக்கும்போது வெரலால தடவிப் பார்த்தேன்."

பாய் மற்றவர்களைப் பார்த்து, "தடவியே கண்டுபிடிச்சிருக்கான் பாருங்க" என்றார். அவர் குரலில் குற்றச்சாட்டு இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. இருவரும் குழலைக் கையில் எடுத்துக்கொண்டு வெளிச்சத்துக்குப் போய்விட்டார்கள். தலைவர் மேஜையைத் தட்டி அவர்களைத் திரும்பக் கூப்பிட வேண்டியிருந்தது. முதலாளி தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்.

தண்டனை பற்றிக் கொஞ்ச நேரம் வாதம் நடந்தது. வேவு பார்த்தவனைக் கழுதைமேல் ஏற்றி நாலு மாசி வீதியும் சுற்றி வர வேண்டும் என்று ஓர் உறுப்பினர் சொன்னார். மோட்டார் சங்கத்துக்குக் கழுதை கௌரவமாக இராது என்று தலைவர் மறுத்தார். முடிவில் இரண்டு ஷெட்டையும் பந்தயத்திலிருந்து நீக்கினார்கள். கோப்பை மூன்றாவது காருக்குப் போயிற்று. அதை ஓட்டியவர் பாதியில் நிறுத்தி, பக்கத்துக் கிணற்றில் வாளியை விட்டுத் தண்ணீர் இறைத்து, ரேடியேட்டருக்கு ஊற்றி, தானும் குடித்து, நடந்து வருகிற வேகத்தில் வந்து சேர்ந்தவர். கோப்பையை வாங்கும்போது அவருக்கே வெட்கமாக இருந்தது.

பிறகு ஆட்களுக்குத் தண்டனை. என் மகனும் பாயும் ஒரு வருஷத்துக்குச் சங்கத்தைச் சேர்ந்த எந்த ஷெட்டிலும் எந்த மோட்டாரிலும் வேலை பார்க்கக் கூடாது. பாய் தம்முடைய ஷெட்டுக்குள்ளேயே கால் வைக்கக் கூடாது. "என் ஷெட்டு, என் பூட்டு" என்றார் பாய். "உங்க கற்பூரமும்தான்" என்றார் தலைவர்.

வீட்டுக்கு நடந்து வரும் வழியில் மகனிடம் தங்கையின் பின்னலைப் பற்றிச் சொன்னேன். அவன் கோபப்படுவான் என்று பயந்தேன். அவன் தெருவில் நின்றான். "அப்ப நான் அளந்தது சரிதான்" என்றான். அன்று முழுவதும் அவன் முகத்தில் பார்த்த ஒரே தெளிவு அது. முகத்தில் முள் கீறாத இடம் கொஞ்சம்தான் இருந்தது.

பினாங்கு யோசனையை மட்டும் அவன் விடவில்லை. முதலாளி கதவைச் சாத்திவிட்டார். சிநேகிதர்கள் ஷெட்டுக்கு வெளியே வந்து பேசினார்கள், உள்ளே கூப்பிடவில்லை. காலையில் எழுந்து கை கழுவுவான், பிறகு அந்தக் கையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் கதவுக் கீலுக்கு எண்ணெய் விடுவான். எங்கள் வீட்டில் சத்தம் போடும் கீல் ஒன்றும் மிச்சமில்லை. தையல் மிஷினைப் பிரித்தான், பூட்டினான், மறுபடி பிரித்தான். நான் போகாதே என்றேன். இங்கே இருந்து என்ன செய்ய என்றான். பள்ளிக்கூடத்தில் ஆசியாக் கண்டம் நடத்த வேண்டிய வாரம் அது. வங்காள விரிகுடா வரைக்கும் நடத்திவிட்டு, கீழே இறங்காமல் நதிகளுக்குத் திரும்பிவிட்டேன்.

கிளம்பும் நாளும் வந்தது. தகரப் பெட்டியை வாசலில் வைத்தான். மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு புளிச்சோறு கட்டினாள். நான் ரயிலுக்கு நேரம் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே, நேரம் ஆகிவிட வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தேன். ஜட்கா வந்துவிட்டது என்று நினைத்துக் கதவைத் திறந்தேன். கதவு சத்தமே இல்லாமல் திறந்தது.

சைக்கிளைப் பிடித்துக்கொண்டு பாய் நின்றிருந்தார். கேரியரில் கோணிப்பை, அதில் ஸ்பானர்கள். எங்கள் வீட்டுக்கு அவர் வந்தது அதுதான் முதல் தடவை.

"சலாம் வாத்தியாரம்மா. தம்பி இருக்கானா?"

நான் பெட்டியைக் காட்டினேன். "பினாங்குக்குக் கிளம்பிவிட்டான்" என்றேன்.

"அங்கயும் சங்கம் இருக்குமே" என்றார் அவர். பிறகு உள்ளே பார்த்துக் குரலை உயர்த்தினார். "ஏய் மாப்ள, அலங்காநல்லூர்ல ஒருத்தர் வாழைத் தோட்டத்துல கெணத்து இஞ்சின் நின்னுபோச்சு. தண்ணியில்லாம வாழை சாயுது. தடை மோட்டார் வண்டிக்குத்தான், கெணத்து இஞ்சினுக்கு இல்லன்னு தலைவர்கிட்டயே கேட்டுட்டு வாரேன். அந்தப் பக்கம் மட்டும் இன்னும் அஞ்சாறு இஞ்சின் கெடக்கு. ஒரு வருசம் ஓடிரும்."

மகன் கூடத்தில் நின்றான். வரவில்லை. போகவும் இல்லை.

பாய் என் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார். "வாத்தியாரம்மா, நேத்து நானே தனியாப் போய்ப் பிரிச்சுப் பார்த்தேன். கையில ஸ்பானர் இருக்கு, பக்கத்துல திட்டுறதுக்கு ஒரு ஆளு இல்ல. எனக்கு வேலையே ஓடல. வீட்டுல பீவியத் திட்டுனா, அவ அம்மா வீட்டுக்குப் போறேங்கிறா. பையனை என்கூட அனுப்புங்க. சாயங்காலம் நானே கொண்டாந்து விட்டுட்டுப் போறேன்."